மெலிந்தால் பயப்படும் வீடு

நீரிழிவுக்காரர் வரும் சலரோகக் கிளினிக்கின் மர வாங்கில் போய் இருந்ததும் வரும் கேள்வி ஒன்றுதான்.

"ஆரோடை வந்தனீ, பிள்ளை?"

கேட்பவர் அறுபது தாண்டிய ஓர் அம்மாவாக இருப்பார். மடியில் கைப்பை, பைக்குள் பிஸ்கட், காலில் ஒரு துணிக்கட்டு. அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த வயதுதான். என்னை யாரோ ஒருவரின் மகள் என்று நினைப்பதில் தப்பில்லை. முதல்தரம், அம்மா இலக்கம் எடுக்கப் போயிருந்தபோது, நான் உள்ளதைச் சொன்னேன். எனக்குத்தான் என்றேன். அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பார்வை இடுப்பில் கொஞ்ச நேரம் நின்றது. "இந்த வயசிலையோ? இனிப்புக் கனக்கத் தின்னுறனியோ?" என்று கேட்டுவிட்டுத் தன் கைப்பையையும் தூக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளி இருந்தார். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் "அம்மாவோடை வந்தனான்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். என் இலக்கத்தைக் கூப்பிட, நானே எழும்பிப் போகும்போது அவர்கள் முழிப்பார்கள். முழிக்கட்டும் என்று போய்விடுவேன்.

எனக்கு இருபத்தெட்டு வயது. மானிப்பாய்ப் பக்கம் வீடு. முன்னறையில் தையல் மெஷின் போட்டு, சாறிக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறேன். அப்பா இல்லை. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்.

ஏழு வயதில் எனக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது.

இந்த வசனத்தை எழுத எனக்கு இத்தனை வருடம் எடுத்திருக்கிறது. எங்கள் வீட்டில் அந்தப் பெயரை ஒருவரும் வாயால் சொன்னது கிடையாது. "அந்த வருத்தம்" என்பார்கள். அப்பா அதையும் சொல்லமாட்டார். "அந்த நேரம்" என்று மட்டும் சொல்லுவார்.

சண்டை நின்று பாதை திறந்திருந்த காலம் அது. கண்டி வீதியால் பஸ்சில் கொழும்புக்குப் போகலாம். அங்கே ஒரு பெரியாஸ்பத்திரியில் என்னைச் சேர்த்தார்கள். அம்மா என்னுடன் நின்றார். அப்பா வெங்காயத்தைக் கிண்டி விற்றுவிட்டு வருவார், இரண்டு நாள் நிற்பார், திரும்பிப் போவார். ஊருக்கு மூட்டுக்காய்ச்சல் என்று சொல்லி வைத்திருந்தார்கள். பொய் சொல்லலாம், மொட்டைத் தலையை எங்கே ஒளிப்பது? அதற்கும் அம்மா வழி கண்டுபிடித்தார். ஊருக்கு வரும் ஒவ்வொருதரமும் அம்மனுக்கு நேர்ந்து மொட்டையடித்ததாகச் சொன்னார். மயிர் முளைத்து மறுபடி கொட்டினால் இன்னொரு கோயிலுக்கு இன்னொரு நேர்த்தி. ஊரில் அம்மாவைப் பெரிய பக்திக்காரி என்று கதைத்தார்கள். எந்தக் கோயிலில் எந்த மொட்டை என்று அம்மாவுக்கே பிறகு பிடிபடாமல் போனது.

மருந்து முடிந்தபோது எனக்குப் பத்து வயது. வருத்தம் மாறிவிட்டது, ஆனால் வருடா வருடம் கொண்டுவந்து காட்டவேண்டும் என்று டொக்டர்மார் சொல்லித்தான் விட்டார்கள். ஒருதரம் போய்க் காட்டினோம். பிறகு சண்டை மறுபடி மூண்டு பாதை பூட்டுப்பட்டது. அரிசியும் சீனியுமே கப்பலில் வந்த காலத்தில் நான் ஒருத்தி எதில் ஏறிக் கொழும்புக்குப் போவது? சண்டை முடிந்து பாதை மறுபடி திறந்தபோது நான் பெரிய பிள்ளையாகிவிட்டேன். ஒருநாள் அப்பா மெல்லக் கேட்டார், ஒருக்கால் கொண்டுபோய்க் காட்டுவோமா என்று. அம்மா அடுப்பைவிட்டுத் திரும்பாமலே சொன்னார்.

"சும்மா கிடக்கிறதை ஏன் போய்க் கிண்டுவான்?"

அதோடு அந்தக் கதை முடிந்தது.

அம்மா அப்படி நிம்மதியாக இருந்ததற்குக் காரணம் என் உடம்பு. நான் உருண்டையாக இருந்தேன். உயரம் வளரவில்லை, அகலம் வளர்ந்தது. கைகால் மெல்லிசு, வயிறும் இடுப்பும் மட்டும் கனதி. பள்ளிக்கூடத்தில் பெடியள் என்னென்னவோ பட்டம் வைத்தார்கள், அதை இங்கே எழுதி அவர்களைச் சந்தோசப்படுத்தப் போவதில்லை. நான் அழுதுகொண்டு வந்தால் அம்மா என் கன்னத்தைத் தடவி, "அவை சொன்னால் சொல்லட்டும், என்ரை பிள்ளை தேறியிட்டாள்" என்பார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். என் அழுகையைக் கண்டு சந்தோசப்படும் ஒரே ஆள் அம்மாதான் என்று எனக்குக் கோபம் வரும்.

பிறகுதான் விளங்கியது. அந்த ஆஸ்பத்திரி வார்ட்டில் அம்மா படித்த பாடம் ஒன்று இருந்தது. மெலிகிற பிள்ளைகளின் கட்டில்தான் வெறுங்கட்டிலாகும். எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு சிங்களப் பிள்ளை இருந்தாள். நாங்கள் பாஷை தெரியாமலே பாம்பும் ஏணியும் விளையாடுவோம். அவள் மெலிந்து மெலிந்து, ஒருநாள் காலையில் கட்டிலில் புதுச் சீலை விரித்திருந்தது. அவளுடைய அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என் அம்மா அழுதது நினைவிருக்கிறது. அவர்களுக்கும் பாஷை தெரியாது. அன்றைக்கு மத்தியானம் அம்மா எனக்கு இரண்டு பங்கு சோறு தீத்தினார்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் நான் கொழுத்திருந்தால் உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம்.

போன வருடம் எங்கள் சனசமூக நிலையத்தில் ஒருநாள் இலவசமாக ரத்தம் சோதித்தார்கள். வயது போனவர்களுக்குத்தான் அறிவித்தார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஊசியோடு இருந்த தாதி, ஆட்கள் குறைவு, நீங்களும் விரலை நீட்டுங்கோவன் என்றார். நீட்டினேன். அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. எனக்குச் சீனி கூட. தாதி மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு மற்றக் கையிலும் குத்தினார். அதிலும் கூடத்தான்.

கிளினிக்குக்குப் போனபோது அம்மாவும் கூட வந்தார். எனக்கு வரம்பைத் தொட்டு நிற்கும் சீனி, ஈரலில் கொழுப்பு, ரத்தத்திலும் கொழுப்பு. டொக்டர் என்னைவிட ஐந்தாறு வயது கூடியவர். காலையிலிருந்து நூறு பேரைப் பார்த்த களைப்பு அவர் குரலில் இருந்தது.

"முந்தி ஏதும் பெரிய வருத்தம் வந்ததோ?"

நான் வாயைத் திறக்கமுன்னம் அம்மா சொன்னார்.

"இல்லை டொக்டர். இவளுக்கு ஒரு தடிமன் காய்ச்சல்கூட வாறேல்லை."

டொக்டர் அதை எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு என்னை ஏசினார். இந்த வயதில் உடம்பை இப்படி விட்டிருக்கிறீர்கள், வாயைக் கட்டத் தெரியாதோ, கடைச் சாப்பாடோ, சோடாவோ என்று கேட்டார். ஆறு மாதம் தருகிறேன், சோற்றைக் குறைத்து நடந்து சீனியை இறக்கிக்கொண்டு வாருங்கோ, இல்லையென்றால் குளிசை தொடங்கவேண்டி வரும், தொடங்கினால் விடுவது கஷ்டம் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். எனக்குச் சோடா பிடிக்காது. கடையில் வாங்கித் தின்றது மிகக் குறைவு. அம்மாவின் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது.

அன்று பின்னேரம் முன்னறைக் கதவைச் சாத்திவிட்டு போனில் தேடினேன். தமிழில் தேடினால் பப்பாசி இலைச்சாறு வந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீசில் தட்டிப் பார்த்தேன். சின்ன வயதில் அந்த வருத்தத்துக்கு மருந்து எடுத்துத் தப்பியவர்களுக்கு, இளவயதிலேயே சீனி, பிரஷர், கொழுப்பு, இருதயப் பிரச்சினை எல்லாம் வரக்கூடும் என்று இருந்தது. தலைக்குக் கதிர்ச் சிகிச்சை எடுத்தவர்கள் குள்ளமாகவும் இடுப்புக் கனத்தும் வளரக்கூடும் என்று இருந்தது. எனக்குத் தலைக்குக் கதிர் கொடுத்தது நினைவிருக்கிறது. அசையாமல் கிட என்று சிங்களத்தில் சொல்லுவார்கள், எனக்கு முதலில் தெரிந்த சிங்களச் சொல் அதுதான். வாசித்து முடித்ததும் முதலில் வந்தது பயமில்லை, ஆறுதல். நான் ஒரு பெருந்தீனிக்காரி இல்லை. எனக்கு வாய் கட்டத் தெரியாமல் இது வரவில்லை. இதை ஓடிப்போய் யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். சொல்ல ஒருவரும் இல்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அந்த வருத்தம் தெரியாது. அந்த வருத்தத்தில் என்னோடு கிடந்த பிள்ளைகளில் யார் இருக்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

மறுநாள் அம்மாவிடம் கேட்டேன், டொக்டரிடம் உள்ளதைச் சொல்லிவிடுவோம் என்று.

"அது முடிஞ்ச கதை."

"முடியேல்லை அம்மா. அந்த மருந்துகளாலைதான் இது வந்திருக்கு. இருதயத்தையும் பார்க்கவேணும். அவைக்குத் தெரிஞ்சால்தானே பார்ப்பினம்?"

"உனக்கொரு கலியாணம் காட்சி வேண்டாமோ? கிளினிக்கிலை சொன்னால் சந்தியிலை சொன்ன மாதிரி. என்ரை தலையிலை கையை வைச்சுச் சத்தியம் பண்ணு, சொல்லமாட்டன் எண்டு."

நான் கை வைக்கவில்லை. ஆனால் சொல்லவும் இல்லை. கலியாணக் கதை ஒரு சாட்டு என்று எனக்குத் தெரியும். பேசிவந்த இரண்டு மூன்று சம்பந்தத்தையும் அம்மாவே ஏதோ சொல்லித் தட்டிவிட்டவர். உண்மையில் அம்மாவுக்கு அந்தப் பெயரைச் சொல்லப் பயம். பெயரைச் சொன்னால் அது எங்கேயோ இருந்து ஓம் என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்துவிடும் என்று பயம். அதற்காக அவரை ஏசவும் என்னால் முடியவில்லை, எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் அந்தப் பயம் இருந்தது.

சரி, சீனியையாவது இறக்குவோம் என்று தொடங்கினேன். தேத்தண்ணி குடிக்கும் கப்பால் ஒரு கப் சோறு, மிச்சம் மரக்கறி என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா மறுபேச்சுப் பேசாமல் ஓம் என்றார். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்கவேண்டும்.

மூன்று மாதம் ஒரு கப்தான் சாப்பிட்டேன். மானிப்பாயில் தனியாரிடம் காசு கட்டிச் சோதித்துப் பார்த்தால் சீனி ஒரு துளி இறங்கவில்லை. நிறையும் இறங்கவில்லை. எனக்கு உடம்பே என்னோடு கோபம் போலிருந்தது. ஒருநாள் தண்ணி குடிக்கக் குசினிக்குள் போனேன். அம்மா எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். கப்பில் சோற்றைப் போட்டார், அகப்பையின் முதுகால் அமத்தினார், மறுபடி போட்டார், மறுபடி அமத்தினார். கடைசியில் கப்பை என் சாப்பாட்டுக் கோப்பையில் கவிழ்த்து அடியில் இரண்டு தட்டுத் தட்டினால்தான் சோறு விழுகிறது. விழுந்தது சோறில்லை, செங்கல். அதற்குக் கீழே ஓர் அவித்த முட்டை வேறு புதைத்திருந்தது.

"என்ன அம்மா உது?"

"நீ கேட்ட ஒரு கப்தானே?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. சிரிப்பைத்தான் வெளியில் விட்டேன். அன்றிலிருந்து என் சோற்றை நானே போட்டுக்கொண்டேன். அம்மா எதிரில் இருந்து என் கை போகிற இடமெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வாய் குறைத்து எடுத்தால் அவர் தொண்டை அசையும்.

நடப்பது அதைவிடப் பெரிய பாடு. எங்கள் ஒழுங்கையில் வயதுபோன பென்சன்காரர் நடக்கலாம், ரியூசனுக்குப் போகும் பிள்ளைகள் நடக்கலாம். கலியாணமாகாத ஒருத்தி காலையில் விறுவிறு என்று வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவால் போனால், தண்ணி கட்டுகிறவர் மண்வெட்டியை ஊன்றிவிட்டு "எங்கை பிள்ளை, ஆருக்கு என்ன?" என்பார். யாரும் செத்தால்தான் அப்படி ஓடுவார்கள். அதனால் கையில் ஒரு கடைப்பை எடுத்துக்கொண்டேன். கடைக்குப் போகிற மாதிரிப் போய், கடையைத் தாண்டி, கோயிலடிவரை போய்த் திரும்பி வருவேன். ஒருதரம் கடைக்காரர் கூப்பிட்டு, என்ன பிள்ளை ஒவ்வொரு நாளும் வெறும் பையோடை போய் வெறும் பையோடை வாறாய், வேறை கடையிலை கணக்கோ என்று கேட்டார். அவருக்காகவே இடைக்கிடை ஒரு நெருப்புப்பெட்டி வாங்கினேன். எங்கள் வீட்டில் நெருப்புப்பெட்டிக்கு மட்டும் குறைவில்லை.

உடம்பு இறங்கத் தொடங்கியது. முதலில் மோதிரம் சுழன்றது. பிறகு முகம். என் சட்டைகள் தோளிலிருந்து வழிந்தன. ஒரு தையல்காரிக்குச் சட்டையைப் பிடித்துத் தைக்க எவ்வளவு நேரம் செல்லும்? ஆனால் நான் பிடிக்கவில்லை. பிடித்தால் அம்மா கண்டுவிடுவார். தொளதொளவென்று போட்டுக்கொண்டு திரிந்தேன். சட்டைக்கு அளவு கொடுக்க வந்த ஓர் அக்கா என் சட்டையின் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்து, "உமக்கு ஆர் தைச்சுத் தந்தது? அவவிட்டை நான் குடுக்கமாட்டன்" என்று பகிடி விட்டார். எனக்கு உண்மையில் அன்று சந்தோசமாக இருந்தது. என் உடம்பு குறைந்ததைக் கண்டு சிரித்த முதல் ஆள் அவர். ஆனால் அவருக்கும் நான் ஏன் என்று சொல்லவில்லை.

அம்மா கண்டது ஒரு சட்டை ஊசியால். பாவாடை இடுப்பில் நிற்காமல் நான் குத்தி வைத்திருந்த ஊசி. உடுப்புத் தோய்க்கும்போது அது அவர் விரலில் குத்தியது. பாவாடையையும் ஊசியையும் கையில் பிடித்துக்கொண்டு கிணற்றடியிலிருந்து வந்தார். விரலில் ரத்தம் வந்ததைத் துடைக்கவும் இல்லை.

"உனக்கு என்ன செய்யுது?"

"ஒண்டும் செய்யேல்லை. நான் நல்லாய் இருக்கிறன்."

"அப்பவும் நீ உப்பிடித்தான் சொன்னனீ."

ஏழு வயதில் காலெல்லாம் நீலமாகக் கன்றிப்போனபோதும், விளையாடப் போகவேண்டும் என்பதற்காக, ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு அம்மாவின் வெள்ளிக்கிழமை விரதம் செவ்வாய்க்கும் வந்தது, பிறகு திங்களுக்கும் வந்தது. காலையில் என் மெஷினுக்குப் பக்கத்தில் முட்டைக்கோப்பி இருக்கும். நான் குடிக்காமல் விட்டால் மத்தியானம் அதை எடுத்துக்கொண்டுபோய் வாழையடியில் ஊற்றுவார். அந்த வாழைதான் நல்லாய்த் தேறியது. நான் தேறவேண்டும் என்று அம்மா பட்டினி கிடந்தார். எனக்கு வருத்தம் வரக்கூடாது என்று நான் பட்டினி கிடந்தேன். இரண்டு பேரும் மெலிந்துகொண்டு போனோம். ஒரே வீட்டில், ஒரே பானைக்கு முன்னால் இருந்துகொண்டு, அம்மா போன வருத்தத்துக்குப் பயந்தார், நான் வரப்போகிற வருத்தத்துக்குப் பயந்தேன். அந்த நாட்களில் என்னைப் போல் தனித்த ஒருத்தி இந்த யாழ்ப்பாணத்தில் இல்லை என்று நினைப்பேன். அம்மாவும் அதையேதான் நினைத்திருப்பார்.

தவணை வந்தது. கிளினிக்குக்கு நான் தனியே போகவே விரும்பினேன். அம்மா கேட்கவில்லை. பஸ்சில் ஜன்னலோரம் இருந்து வழியிலிருந்த ஒவ்வொரு கோயிலையும் கும்பிட்டுக்கொண்டு வந்தார். வாங்கில் எங்கள் ஒழுங்கை ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் என்னிடம் தைக்கிறவர். "என்ன, அம்மாவைக் கொண்டந்தனியோ?" என்றார். ஓம் என்றேன். முதல்தரம் அது உண்மை போல இருந்தது. அம்மாவைப் பார்த்தால்தான் நோயாளி மாதிரி இருந்தது.

டொக்டர் என் ரத்தத்தின் அறிக்கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முதல்தரமாகச் சிரித்தார். சீனி இறங்கிவிட்டது, கொழுப்பும் இறங்கத் தொடங்கிவிட்டது, இப்போதைக்குக் குளிசை வேண்டாம் என்றார். "நல்லாய் மெலிஞ்சிருக்கிறீங்கள். உங்களைப் போல ஒராள் சொல்லுக் கேட்டால் எனக்குப் போதும்" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. ஆறு மாதமாக ஒருவரும் சொல்லாத வார்த்தை. நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

அம்மா எழும்பி நின்றார்.

"டொக்டர், நீங்கள் சிரிக்காதையுங்கோ. இவளுக்குச் சின்னனிலை ரத்தப் புற்றுநோய் வந்தது. கொழும்பிலை வைச்சு மூண்டு வருசம் பார்த்தனாங்கள். இப்ப திரும்பியிட்டுது. பாருங்கோ, எப்பிடி மெலிஞ்சு போனாள். என்ரை பிள்ளையைக் காப்பாத்துங்கோ."

கதவு எங்கே பூட்டியிருக்கும்? வெறும் திரைச்சீலைதான். வெளியே வாங்கில் இருந்தவர்களின் கதை அப்படியே நின்றது. அத்தனை மொட்டைக்கும் அத்தனை கோயிலுக்கும் காவல் காத்த பொய்யை அம்மா ஒரு மூச்சில் கொட்டிவிட்டார். நான் நல்லாய் இருக்கிறேன் என்று தெரிந்த அந்த நிமிசத்தில், நான் சாகப்போகிறேன் என்று நினைத்துக் கொட்டினார்.

டொக்டர் பேனையை வைத்தார். அம்மாவைக் கதிரையில் இருத்தினார். வருத்தம் திரும்பவில்லை, ரத்த அணுக்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன, இது மெலியவேண்டும் என்று மெலிந்த மெலிவு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா நம்பினாரோ தெரியாது, அழுகை நின்றது. பிறகு டொக்டர் என்ன மருந்துகள் கொடுத்தார்கள் என்று கேட்டார். அம்மாவுக்குப் பெயர்கள் தெரியாது. "ஒரு சிவப்பு மருந்து, சேலைனிலை ஏத்தினவை. அது போனால் மூத்திரமும் சிவப்பாய்ப் போகும். ஒரு மஞ்சள் மருந்து, அது முள்ளந்தண்டுக்குள்ளையும் போட்டவை. பிறகு ஒரு குளிசை. அதைக் குடிச்சால் இவள் பசி பசியெண்டு விடியவிடியக் கத்துவாள். கசப்பெண்டு துப்பிப்போடுவாள். நான் இடிச்சு, தேனிலை குழைச்சு, மூக்கைப் பிடிச்சுப் பருக்கிறனான்."

டொக்டர் சிவப்பு என்றதைக் கேட்டதும் நிமிர்ந்தார். இருதயத்தை ஸ்கான் பண்ணவேண்டும், தைரொயிட் பார்க்கவேண்டும், எலும்பு பார்க்கவேண்டும் என்று எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே, இதை ஏன் நீங்கள் எனக்கு முதலே சொல்லவில்லை என்று கேட்டார். என்னைத்தான் கேட்டார். பிறகு தானே, குரலைத் தாழ்த்தி, அண்டைக்கு உங்களை ஏசிப்போட்டன், குறை நினைக்காதையுங்கோ என்றார். நான் பரவாயில்லை என்றேன். பரவாயில்லாமல் இல்லை, ஆனால் அவர் அப்படிக் கேட்டது பிடித்திருந்தது.

"வருத்தம் திரும்பேல்லை எண்டால் பிறகேன் டொக்டர் இவ்வளவும் எழுதுறியள்?" அம்மா கேட்டார்.

அந்த மருந்துகள்தான் வருத்தத்தை மாற்றின, அதே மருந்துகள் உடம்புக்குள் சில பிழைகளையும் விட்டுவிட்டுப் போகும், அதனால்தான் சீனியும் கொழுப்பும் இந்த வயதில் வந்திருக்கின்றன, இனி உயிருள்ளவரை பார்த்துக்கொண்டுதான் இருக்கவேண்டும் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். நல்ல தன்மையாகத்தான் சொன்னார். அம்மா ஒவ்வொரு வசனத்துக்கும் தலையாட்டினார்.

வெளியே வந்தபோது எங்கள் ஒழுங்கை ஆட்கள் இரண்டு பேரும் எங்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்கள். என்னிடம் தைக்கிறவர் மட்டும் என் தோளை ஒருதரம் தொட்டார். தொட்டது ஆறுதலுக்கா, இன்னும் இருக்கிறேனா என்று பார்ப்பதற்கா தெரியவில்லை. பின்னேரத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும் என்று எனக்குத் தோன்றியது. நான் நினைத்திருந்த அளவுக்கு அது பாரமாக இருக்கவில்லை.

பஸ்சில் அம்மா இந்தமுறை ஒரு கோயிலையும் கும்பிடவில்லை. மடியில் கைகளை விரித்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி வந்தார். இறங்குகிற இடம் வரப்போகிறபோது சொன்னார்.

"நான்தானே பருக்கினனான்."

"என்னத்தை?"

"அந்தக் குளிசையை. நீ வேண்டாம் வேண்டாமெண்டு தலையை ஆட்டினனீ. நான்தான் மூக்கைப் பிடிச்சனான்."

"நீங்கள் பருக்கினபடியால்தான் நான் இப்ப இந்த பஸ்சிலை இருக்கிறன், அம்மா."

உண்மையைத்தான் சொன்னேன். மனதாரச் சொன்னேன். அது அவர் காதில் ஏறவில்லை. அம்மா தன் வலக்கையை இடக்கையால் மூடினார்.

வீட்டுக்கு வர மத்தியானமாகிவிட்டது. அன்று விரதம் இல்லை. நான் கைகால் கழுவிவிட்டு வந்தபோது, கனகாலத்துக்குப் பிறகு அம்மா என் கோப்பையைத் தன் கையில் எடுத்திருந்தார். நான் தடுக்கவில்லை. இன்றைக்கு அவர் செங்கல்லையே போட்டாலும் சாப்பிடுவது என்று இருந்தேன். அவர் பானையைத் திறந்து அகப்பையில் சோற்றை அள்ளினார். அள்ளிய கை அந்தரத்தில் நின்றது.

"எவ்வளவு போட?"

என் அம்மா என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. எவ்வளவு வேண்டும் என்று அவர் கேட்கமாட்டாரா என்றுதான் நான் அத்தனை மாதமும் சண்டை பிடித்தேன். இப்போது கேட்டுவிட்டார். பிழையாகப் போட்டுவிடுவேனோ என்று பயந்த ஒரு பிள்ளையின் முகத்தோடு கேட்டார்.

கையால் காட்டினேன். காட்டிய அளவுக்குப் போட்டார். அமத்தவில்லை, அடியில் ஒன்றும் புதைக்கவில்லை. நான் சாப்பிட்டேன். அம்மா தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார், என் கையைப் பார்க்கவில்லை. சோறு முடிந்த பிறகும் நான் எழும்பவில்லை. இன்னொரு அகப்பை போடட்டோ என்று கேட்பார், வேண்டாம் என்று சத்தம் போடலாம் என்று கை காயக் காய இருந்தேன்.

அம்மா பானையை மூடினார்.